பரப்பளவு ஒன்றே, செடிவகைகளின் எண்ணிக்கை வேறு

நூறு ஹெக்டேர் காட்டை ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு புறமும் 300 மீட்டரை ஓரம் என்று கழித்துவிட்டால், ஓரத்தின் பாதிப்பு எட்டாத உட்காடாக எஞ்சுவது 16 ஹெக்டேர். அதே நூறு ஹெக்டேர் 2 கிலோமீட்டர் நீளமும் அரை கிலோமீட்டர் அகலமும் கொண்ட பட்டையாக இருந்தால், உட்காடு துளியும் மிஞ்சாது.

300 மீட்டர் என்பது நான் இஷ்டத்துக்கு எடுத்த கணக்கல்ல. பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே, 1979இல் தொடங்கிய ஆய்வில், மேய்ச்சலுக்காக வெட்டப்பட்ட அமேசான் காட்டின் நடுவே விட்டுவைத்த துண்டுகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஓரத்திலிருந்து அந்தத் தூரத்துக்குள் நின்ற பெருமரங்கள், உட்காட்டு மரங்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக மடிந்தன. திறந்த வெளியிலிருந்து வீசும் காற்று மரங்களைச் சாய்க்கிறது, மண்ணையும் இலைகளையும் உலர்த்துகிறது. புகுந்த வெளிச்சத்தில் கொடிகள் செழிக்கின்றன. நிழலில் மட்டுமே முளைக்கும் கன்றுகளுக்கு இடமில்லாமல் போகிறது.

வடிவத்தைப் போலவே துண்டுகளுக்கு இடையிலான இணைப்பும் முக்கியம். இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில், அடர்ந்த பைன் தோப்புக்குள் மரங்களை வெட்டித் திறந்த திடல்களை உருவாக்கினார்கள். சில திடல்களை 25 மீட்டர் அகலமும் 150 மீட்டர் நீளமும் உள்ள வழித்தடத்தால் இணைத்தார்கள். மற்றவற்றைத் தனியே விட்டார்கள். தனித் திடல்கள் சிலவற்றுக்கு எங்கும் போய்ச் சேராத கிளைகளையும் வெட்டினார்கள். கூடுதல் பரப்போ ஓரமோ காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இதனால் விலகியது. 18 ஆண்டுகள் கழித்து எண்ணியபோது, இணைந்த திடல்களில் 14 சதவீதம் கூடுதலான தாவர இனங்கள் இருந்தன. பறவைகள் வழித்தடத்தின் ஓரமாகவே பறந்து சென்று பழவிதைகளை அடுத்த திடலில் எச்சத்தோடு போடுகின்றன. புதிய இனங்கள் வந்து சேர்வது ஆண்டுக்கு ஆண்டு சற்றுக் கூடியது, இருந்தவை அற்றுப்போவது சற்றுக் குறைந்தது. அந்தச் சின்ன வித்தியாசம் சேர்ந்து சேர்ந்துதான் 14 சதவீதம் ஆயிற்று.

துண்டான நிலத்தில் இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கவலைக்குரியது. எஸ்தோனியாவின் சுண்ணாம்புப் பாறைப் புல்வெளிகள், மேய்ச்சல் நின்று ஜூனிப்பர் புதர் மண்டியதால் 1930களுக்குப் பிறகு பெரும்பகுதி மறைந்தன. 2006இல் வெளியான ஆய்வில், மிச்சத் துண்டுகளில் எத்தனை இனங்கள் வாழ்கின்றன என்பது அப்போதைய வரைபடத்தோடு பொருந்தவில்லை; எழுபது ஆண்டுக்கு முந்தைய வரைபடத்தோடுதான் பொருந்தியது. பல்லாண்டுச் செடிகள் விதை பரப்ப வழியின்றியும் நெடுங்காலம் உயிரோடு நிற்கும். இப்படித் தள்ளிப்போய்ப் பின்னர் வரவிருக்கும் இழப்பைச் சூழலியலாளர்கள் அழிவுக்கடன் என்கிறார்கள்.

கடன் முழுவதும் வசூலாகும் முன் செயல்பட அங்கே அவகாசம் இருந்தது. 2014 முதல் 2019 வரை சுமார் 2,500 ஹெக்டேரில் புதர்களை அகற்றி, ஆடுமாடுகளை மறுபடி மேயவிட்டார்கள்.