பாட்டு பிடிபடாத காதும் மாண்டரின் பேச்சும்

சிலருக்கு ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனை அளக்கும் வரைபடத்தில், குறையே இருக்காது. ஆனால் தெரிந்த பாட்டைக்கூட வரிகள் இல்லாமல் கேட்டால் அடையாளம் தெரியாது. யாராவது அபசுரமாகப் பாடினாலும் உறைக்காது. இதுதான் பிறவி அமூசியா. சுமாராகப் பாடுகிறவர்களை எல்லாம் இதில் சேர்க்கக் கூடாது. அவர்களில் பலருக்குக் காது நன்றாகவே வேலை செய்யும், குரல்தான் ஒத்துழைக்காது.

சீன மொழியான மாண்டரினில் சுருதிதான், அதாவது குரலின் ஏற்ற இறக்கம்தான், சொல்லையே தீர்மானிக்கிறது. 'மா' என்பதைச் சமமாக நீட்டினால் அம்மா, ஏற்றினால் சணல், இறக்கி ஏற்றினால் குதிரை, சடாரென இறக்கினால் திட்டு. இந்த ஏற்ற இறக்க வடிவங்கள்தான் தொனிகள். இந்த மொழியில் வளர்ந்தவருக்கு அமூசியா வரவே வராது என்று நினைக்கத் தோன்றும். வருகிறது. 2010இல் ஆய்வாளர்கள் யுன் நான், இசபெல் பெரெட்ஸ் குழு அமூசியா உள்ள 22 மாண்டரின் பேச்சாளர்களைச் சோதித்தது. அவர்களில் 6 பேருக்குத் தாய்மொழியின் தொனிகளையே பிரித்தறிவது பெரும் சிரமமாக இருந்தது. விசித்திரம் என்னவென்றால், அதே 6 பேரும் தொனிகளைச் சரியாகவே உச்சரித்தார்கள். வாய்க்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை. பேச்சை மட்டும் கேட்டு மதிப்பிடுகிறவர்களிடம் இவர்கள் சிக்கவே மாட்டார்கள்.

அமூசியா உள்ள மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? இசையில் ஒரு அரைசுர வித்தியாசமே, அதாவது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான வித்தியாசமே, பெரிய விஷயம். மாண்டரின் தொனிகளோ பல அரைசுரங்கள் ஏறி இறங்குபவை, அதனால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். வாக்கியத்தின் பொருளும் கைகொடுக்கிறது. கேள்வியா, செய்தியா என்று பேச்சின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துப் பிரிக்கச் சொல்லும்போதுதான் தடுமாற்றம் வெளிப்படுகிறது.

இன்னொரு முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2015இல் ஃபாங் லியூ குழு வாக்கியங்களின் சுருதியைத் தட்டையாக்கிக் கேட்கவைத்தது. அமூசியா உள்ளவர்கள் அதிலும், இயல்பான பேச்சிலும், சத்தமிருந்தாலும் இல்லாவிட்டாலும் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஆக, சிக்கல் சுருதியோடு மட்டும் நிற்பதில்லை போலிருக்கிறது.

ஆகவே, தொனிகளைத் திரும்பத் திரும்பக் குழப்பிக்கொள்ளும் மாணவர் வந்தால், ஆடியோகிராமைப் பார்த்துவிட்டு "கவனம் போதாது" என்று அனுப்பிவிடாதீர்கள். மான்ட்ரியலில் உருவான அமூசியா சோதனைத் தொகுப்பு இருக்கிறது. அதோடு தொனிகளைத் தனிச் சொற்களாக, சூழல் எதுவும் தராமல், கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாக்கியத்தில் வைத்துக் கேட்டால் ஊகித்துவிடுவார்.