சொல் விளக்கம்: எர்-தே-தே

எர்-தே-தே (RTT) என்பது 'ரெதுக்சியோன் து தான் து த்ரவாய்' (réduction du temps de travail) என்னும் பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துக் குறுக்கம். நேர்ப்பொருள் 'வேலைநேரக் குறைப்பு'. ஆனால் பிரான்சில் ஓர் ஊழியர் 'வெள்ளிக்கிழமை எனக்கு எர்-தே-தே' என்று சொன்னால், அவர் ஊதியத்தோடு கிடைக்கும் ஒரு நாள் விடுப்பைத்தான் குறிக்கிறார். கொள்கையின் பெயர் விடுப்பின் பெயரானதற்குச் சட்டத்தின் அமைப்பே காரணம்.

லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு 1936இல் வார வேலைநேரத்தை 40 மணி ஆக்கியது. 1982இல் அது 39 ஆனது. லியோனல் ழோஸ்பேன் அரசில் தொழிலாளர் துறையை வகித்த மார்த்தின் ஒப்ரி 1998இலும் 2000இலும் கொண்டுவந்த இரு சட்டங்கள் அதை 35 ஆக்கின. இருபது பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களுக்கு 2000 முதலும் சிறிய நிறுவனங்களுக்கு 2002 முதலும் அது பொருந்தியது. இந்த 35 என்பது உச்சவரம்பு அன்று. அதைத் தாண்டினால் மிகைநேர ஊதியம் தொடங்கும், அவ்வளவே. ஒரே வாரத்தில் 48 மணி வரை வேலை வாங்கச் சட்டம் இடம் தருவதால், 'பிரான்சில் 35 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது' என்று எழுதுவது பிழை.

பல நிறுவனங்கள் வாரம் 39 மணி என்ற பழைய ஓட்டத்தை மாற்றாமல், மிகுந்த நான்கு மணியைச் சேர்த்துவைத்து நாள்களாகத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டன. ஆண்டில் 45 வேலை வாரங்கள் என்று கொண்டால் 180 மணி சேரும், 7.8 மணி கொண்ட வேலைநாளால் வகுத்தால் சுமார் 23 நாள் வரும். அந்த நாள்களுக்கே இப்பெயர் ஒட்டிக்கொண்டது.

ஊதியம் குறையாமல் 39 மணி 35 ஆனால் மணிக்கூலி 11.4 விழுக்காடு உயர்ந்தாக வேண்டும். குறைந்தபட்ச ஊதியம் பெற்றவர்களுக்கு மாத வருமானம் குறையாது என்று சட்டமே உறுதி தந்தது. மற்றவர்களுக்கு அது நிறுவன ஒப்பந்தங்களின் வழியே நிகழ்ந்தது: அரசு முதலாளிகளின் சமூகக் காப்புறுதிப் பங்களிப்பில் சலுகை அளித்தது, தொழிலாளர் பலர் சில ஆண்டுகள் ஊதிய உயர்வில்லாமல் இருக்க இசைந்தனர். சம்பளம் குறையவில்லை, ஏறவும் இல்லை என்பதே பலருக்கு நடந்தது.

தொடரின் இறுதிச் சொல்லான 'த்ரவாய்', மூன்று கழிகளால் ஆன வதைக்கருவியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாக வழக்கமாகச் சொல்வார்கள்; மொழியியலார் சிலர் இதை ஏற்பதில்லை. சுவையான சொற்பிறப்புகளுக்கு இந்தக் கதி நேர்வதுண்டு.

தமிழில் 'வேலைநேரக் குறைப்பு' என்று மட்டும் எழுதுவது போதாது. ஆட்குறைப்பு, ஊதியக் குறைப்பு என்று கேட்டுப் பழகிய காதில் 'குறைப்பு' இழப்பாகவே ஒலிக்கும். நாள்கூலிக்காரருக்கு நேரம் குறைந்தால் கூலியும் குறையும் என்பது அனுபவம். ஆகவே சட்டத்தைச் சுட்டும்போது 'ஊதியம் குறையா வேலைநேரக் குறைப்பு' என்று விரித்தெழுதுவதே நேர்மையானது. விடுப்பைச் சுட்ட, நம் அரசு அலுவலக வழக்கான 'ஈடுசெய் விடுப்பு' அருகில் வந்தாலும், அது விடுமுறை நாளில் பணிக்கு வந்ததற்கு ஈடாகத் தரப்படுவது. எர்-தே-தேயோ வாராவாரம் சேரும் உரிமை. 'நேரஈட்டு விடுப்பு' என்பது இந்த வேறுபாட்டைக் காட்டும். 'இன்னும் இரண்டு நேரஈட்டு விடுப்பு பாக்கி இருக்கிறது' என்று பேச்சிலும் தடையின்றி வரும்.