பரிந்துரைக் கடிதத்துக்குப் பதவி எதற்கு?

வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பம் முடிய நான்கு நாள். ஒரு மாணவி வந்து நின்றாள். "மேடம், துணைவேந்தர் ஒரு கடிதம் தந்துவிட்டார். அப்பாவின் நண்பர் ஒரு கம்பெனி சேர்மன், அவரும் தருகிறார். மூன்றாவது உங்களுடையது. நானே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன், கையெழுத்துப் போட்டால் போதும்."

"துணைவேந்தர் உன்னை எத்தனை முறை பார்த்திருக்கிறார்?"

"ஆண்டு விழாவில் பரிசு கொடுத்தார், மேடம்."

விண்ணப்பக் காலம் வந்தால் இதே பேச்சுதான், ஆள்தான் வேறு. எழுதி வைத்துவிட்டால் இனி வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இந்தப் பதவி மோகம். அடியில் இருக்கும் பெயர் எவ்வளவு பெரியதோ கடிதத்துக்கு அவ்வளவு மதிப்பு என்று யார் கிளப்பிவிட்டார்களோ! கடிதம் எழுதுவதோடு, தேர்வுக் குழுவில் இருந்து அவற்றைப் படிப்பதும் என் வேலை. கையில் எடுத்ததும் நாங்கள் தேடுவது, இவருக்கு இந்த மாணவரை எப்படித் தெரியும், எவ்வளவு காலமாகத் தெரியும் என்பதைத்தான். பல படிவங்களில் அது தனிக் கேள்வியாகவே இருக்கும். அந்த இடத்தில் "குடும்ப நண்பர்" என்று இருந்தால், மீதி அரைப் பக்கத்தை ஊன்றிப் படிக்க யாருக்கும் மனம் வராது. கூடவே ஒரு சந்தேகமும் எழும்: பாடம் நடத்திய ஒருவர்கூடவா இந்தப் பிள்ளைக்காகப் பேச முன்வரவில்லை?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவான காமன் ஆப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கடிதத்தோடு ஒரு மதிப்பீட்டு அட்டவணையும் ஆசிரியருக்கு வருகிறது. எழுத்துத் திறன், வகுப்பு விவாதத்தில் பங்கு, நேர்மை, பின்னடைவு வந்தால் நடந்துகொள்ளும் விதம் என்று வரிசையாகக் கேட்பார்கள். பரிசுக் கோப்பையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர் இதில் எதை நிரப்புவார்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இளநிலைச் சேர்க்கைக்கு இரண்டு ஆசிரியர் கடிதம் கேட்கிறது. ஒருவர் கணிதம் அல்லது அறிவியல் நடத்தியவர், மற்றவர் மொழி, வரலாறு போன்ற பாடம் நடத்தியவர். அந்த இரண்டிலும் சேர்மனுக்கு இடமே கிடையாது.

சரி, நல்ல கடிதம் எப்படி இருக்கும்? "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பழக இனிமையானவர்" என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. யார் பெயரை வைத்தாலும் பொருந்தும். இப்போது இதைப் பாருங்கள்: "வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்தபோது மூன்று அளவுகள் ஒத்துவரவில்லை. பக்கத்து மேசைகளில் வரவேண்டிய எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் மட்டும் வெறும் தண்ணீரை நிரப்பிப் பத்து நிமிடம் காத்திருந்து, பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயின் திருகு கசிகிறது என்று காட்டினார்." இதில் ஒரு பாராட்டு வார்த்தைகூட இல்லை, ஆனால் ஆளை முழுசாகப் பார்த்துவிடலாம். இதை எழுத ஆய்வகத்தில் நின்ற ஆசிரியரால்தான் முடியும். அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம் ஆன இளம் விரிவுரையாளராக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்து, நீங்களே எழுதிக்கொண்டு வருவது. தயவுசெய்து வேண்டாம். எழுதி வாருங்கள் என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தெரியும். எங்கள் தொழிலுக்கு அது அழகில்லை. எதற்காக இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் நோக்க அறிக்கையும் மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். இப்போது நாலு வரியைக் கொடுத்தால் ஏஐ பக்கம் பக்கமாகப் பொழிகிறது. அந்த வழவழப்பும் எங்களுக்கு நன்றாகவே பழகிவிட்டது. அப்புறம், ஆசிரியர் பெயரில் தாங்களே மின்னஞ்சல் முகவரி தொடங்கி, கடிதம் ஏற்றக் கல்லூரி ஆசிரியருக்கு அனுப்பும் இணைப்பை அதற்கு வரவழைத்துக் கடிதம் ஏற்றுகிறவர்கள். அது போலி ஆவணம். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் இடம் பறிபோகலாம்.

அமெரிக்க விண்ணப்பங்களில் கடிதத்தைப் பிறகு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தந்த உரிமை அது. அந்தக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பயன்படும். என்னதான் எழுதியிருக்கிறார் பார்ப்போமே என்ற ஆசையில் பலர் வைத்துக்கொள்கிறார்கள். விட்டுக்கொடுங்கள். மாணவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் ஆசிரியர் அடக்கி வாசிப்பார் என்றுதான் குழு நினைக்கும். உரிமையை விட்டுக்கொடுக்காவிட்டால் எழுதமாட்டேன் என்று மறுக்கும் ஆசிரியர்களும் உண்டு.

எல்லா இடத்திலும் ஒரே விதி என்றும் நினைக்காதீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பொதுவாக இளநிலை விண்ணப்பத்தோடு கடிதம் கேட்பதில்லை. கேட்காத இடத்துக்கு ஐந்தாறு கடிதம் அனுப்பி என்ன பயன்? பிரிட்டனில் இளநிலை விண்ணப்பங்களைப் பொதுவாக வாங்கும் யூகாஸ் அமைப்பு வழியாகப் போனால் ஒரே ஒரு பரிந்துரைதான். 2024 சேர்க்கையிலிருந்து அதுவும் மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கேட்கப்படுகிறது. முதுநிலைக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும் பெரும்பாலும் மூன்று கடிதம். அதில் ஒன்றாவது உங்கள் புராஜெக்ட் வழிகாட்டியிடமிருந்து வரட்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. குறைந்தது ஒரு மாதம் முன்னதாக வாருங்கள். "கடிதம் தருவீர்களா" என்று மட்டும் கேட்காமல், "என்னைப் பற்றி வலுவாக எழுத உங்களால் முடியுமா" என்று கேளுங்கள். ஆசிரியர் தயங்கினால் புரிந்துகொண்டு, நன்றி சொல்லி, வேறொருவரிடம் போங்கள். அரைமனதுக் கடிதம் கடிதமே இல்லாததைவிட மோசம். மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கை, எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எந்தத் தேதி என்ற பட்டியல், என் வகுப்பில் நீங்கள் செய்த ஏதாவது ஒரு வேலை, எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். துண்டு துண்டாக வாட்ஸ்ஆப்பில் வேண்டாம், தேட முடியவில்லை. ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சலையே கொடுங்கள். இணைப்பு ஸ்பேமில் விழுந்து கிடக்கும், வந்ததா என்று கேட்டுவிடுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல் போதும்.

முடிவு வந்ததும், இடம் கிடைக்காவிட்டாலும், ஒரு வரி எழுதிப் போடுங்கள். நாங்கள் ராத்திரி உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் எங்கே சேர்ந்தார்கள் என்றே எங்களுக்குத் தெரிவதில்லை.