தேத்தண்ணி டின்னைப் பிள்ளைக்குக் கரைக்காதீர்கள்

இந்த மாதமும் எங்கள் கிளினிக்குக்கு ஒன்று வந்துவிட்டது. எட்டு மாதப் பிள்ளை, கன்னம் உப்பி, பார்க்கக் கொழுகொழு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடக்கிறது. பாட்டி பெருமையாகச் சொல்கிறார்: "டின் பால்தான் மிஸ்ஸி, சுடுதண்ணியில கரைச்சுக் குடுப்போம், குடிச்சா நல்லாத் தூங்குவான்." தூங்காமல் என்ன செய்யும்? ரத்தமே இல்லை.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மட்டும் நடப்பதல்ல இது. எங்கே செம்பனையும், வேலைக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளையை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையும் இருக்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான்.

முதலில் டின்னைத் திருப்புங்கள். 'ராமுவான்', அதாவது சேர்மானங்கள், என்று எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963-இல் தொடங்கிய கோடெக்ஸ் ஆணையம் வகுத்த முறை அது. தேத்தண்ணிக்கு ஊற்றும் கிரிமர் டின்கள் பலவற்றில் முதலில் நிற்பது குலா, அதாவது சீனி. மின்யாக் சாவிட், அதாவது செம்பனை எண்ணெயும் இருக்கும். நம் தோட்டத்து எண்ணெய்தான், மீன் பொரிக்க நல்லது. பெபெஜால் சூசு, அதாவது பாலின் திடப்பொருள், கொஞ்சம்தான். சரி, அசல் கெட்டிப்பாலையே வாங்கிவிடலாமா என்றால் அதுவும் கூடாது. கோடெக்ஸ் கணக்கில் அதில் பால் திடப்பொருள் குறைந்தது 28 சதவீதம் இருக்க வேண்டும்; ஆனால் சீனி மட்டும் ஏறத்தாழ 45 சதவீதம். இரும்புச்சத்து இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்பு ஆறு மாதம் வரைக்கும்தான் தாங்கும். அதற்குப் பிறகு சீனி கன்னத்தில் ஏறும், ரத்தம் இறங்கும்.

"நாங்கெல்லாம் அதக் குடிச்சுத்தானே வளர்ந்தோம்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வளர்ந்தவர்கள்தான் வந்து இப்படிக் கேட்க முடியும். வளராமல் போனவர்கள் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு மலாயாவில் எத்தனை பிள்ளைகள் போயின என்பதைக் கண்ணால் பார்த்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். தாதிபோல உடுத்திக்கொண்ட விற்பனைப் பெண்கள் வீடு வீடாகப் போய், தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி டின் பாலைத் தள்ளிவிட்ட காலம் அது. 1939-இல் சிங்கப்பூரில், ரோட்டரி சங்கத்துப் பெரிய மனிதர்கள் முன்னால், இந்தச் சாவுகளைக் கொலை என்றே கருத வேண்டும் என்று பேசினார். அதே டாக்டர்தான் 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவர் ஆனார். 1981 மே மாதம் ஜெனிவாவில், அந்த நிறுவனத்தின் மாநாட்டில், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விளம்பரத்துக்குக் கடிவாளம் போடும் நெறிமுறை நிறைவேறியது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்றே ஒன்று: அமெரிக்கா. நம் நாட்டில் இதைச் சட்டமாக்கவில்லை, தொழில் நெறிமுறையாகத்தான் வைத்திருக்கிறோம். டிவியில் 'ஸ்டெப் 3', அதாவது ஒரு வயதுக்கு மேல் என்று விற்கும் மாவுப்பால், குடித்த பிள்ளை கணக்கில் புலியாவது அதனால்தான். ஒரு வயதுக்கு மேல் அந்தப் பால் தேவையே இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் மறுபடியும் அதைச் சொன்னது. சாதாரண முழுக்கொழுப்புப் பால் போதும், விலையும் குறைவு.

பாட்டிமாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2001 வரைக்கும் உலகச் சுகாதார நிறுவனமே தாய்ப்பால் மட்டும் கொடுக்க "நாலிலிருந்து ஆறு மாதம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் என்பது அதற்குப் பிறகு வந்தது. ஆனால் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பின் ஒப்பந்தம் 2000-இல் பிரசவ விடுப்பு குறைந்தது 14 வாரம் என்றது. நம் நாட்டில் 60 நாளாக இருந்தது 2023 ஜனவரியிலிருந்து 98 நாள். சரியாக அதே 14 வாரம். ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 180 நாள். நடுவே விழும் எண்பது சொச்சம் நாளில்தான் அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்துக்கு, போகிறாள், பிள்ளை ஆயாக் கொட்டகைக்குப் போகிறது, டின் திறக்கிறது. வேலை நேரத்தில் பால் கொடுக்க இடைவேளை வேண்டும் என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது. தோட்ட நிர்வாகத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சங்கத்தில் இருப்பவர்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் பேசுங்கள்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பாலைப் பீய்ச்சிப் பழகுங்கள். பீய்ச்சிய பால் வெளியில் 4 மணி நேரம். நம் வெக்கைக்கு அதற்கு மேல் வேண்டாம். ஐஸ் கட்டியோடு மூடிய பெட்டியில் ஒரு நாள் தாங்கும்.

மாவுப்பால்தான் வழி என்றால் கைக்குழந்தைக்கான 'ஸ்டெப் 1', ஒரு வயது வரை. அதைக் கரைக்கும் விதத்திலும் கோளாறு. மாவு கிருமியற்றது என்று நினைக்கிறார்கள். இல்லை. டின்னைத் திறக்கும் முன்பே உள்ளே குரோனோபாக்டர் என்ற கிருமி இருக்கலாம். அதைக் கொல்ல 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். கொதித்த தண்ணீரை அரை மணிக்குள் பயன்படுத்துங்கள். காலையில் பிளாஸ்கில் ஊற்றியது பத்து மணிக்கு உதவாது. போத்தலில் முதலில் தண்ணீர், பிறகு மாவு. டின்னுக்குள் இருக்கும் கரண்டியால் தலை தட்டி அளங்கள். மூடிக் கலக்கி, குழாய்த் தண்ணீரில் போத்தலை ஆறவைத்து, மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பாருங்கள். 2 மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள். ஆயாக்களே, காலையில் கரைத்ததை மத்தியானம் வரைக்கும் வைத்துச் சூடுகாட்டிக் கொடுக்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

மாவை மிச்சம்பிடிக்க ஒரு கரண்டி குறைத்துப் போடுவதும் வேண்டாம். தண்ணீர் மிஞ்சினால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். காசு தட்டுப்பாடு என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். எடை குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு மாதா மாதம் உணவுக் கூடை கொடுக்கும் அரசாங்கத் திட்டம் இருக்கிறது. கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சித் தண்ணியோடு நிற்காமல் மசித்த மீன், முட்டை, பருப்பு, கொஞ்சம் கோழி ஈரல் கொடுங்கள். அடுத்த தடவை எடை பார்க்க வரும்போது பிள்ளை குடிக்கும் டின்னையும் கரண்டியையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எது கிரிமர், எது மாவுப்பால் என்று ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவோம், திட்ட மாட்டோம்.