பள்ளத்தில் இறங்கினால் ஜிபிஎஸ் ஏன் தடுமாறுகிறது?

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும்போது, ஓர் ஓடைப் பள்ளத்தில் நின்று போனை எடுத்துப் பார்த்தேன். நான் எதிர்ச்சரிவில் நிற்பதாகக் காட்டியது. கொஞ்ச தூரம் ஏறி, மரங்கள் விலகிய ஒரு பாறைக்கு வந்ததும் புள்ளி தானாகவே பாதைக்குத் திரும்பிவிட்டது. போனில் கோளாறு இல்லை, பள்ளத்தில் அதற்குக் கிடைத்த வானம் போதவில்லை, அவ்வளவுதான். மலை நடைக்கென்று ஒரு கையடக்க ஜிபிஎஸ் வாங்குவதாக இருந்தால், குறைந்த வானத்தை வைத்துக்கொண்டு அது எப்படிச் சமாளிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வரைபடத்தின் அழகெல்லாம் அப்புறம்.

ஜிபிஎஸ் கருவி எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும் செய்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். நேரத்தில் ஒரு மைக்ரோநொடி பிசகினாலே 300 மீட்டர் தப்பாகிவிடும். செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம், நம் கையில் இருப்பதோ சாதாரணக் குவார்ட்ஸ். அதனால்தான் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட மூன்று செயற்கைக்கோள்கள் போதாமல், நம் கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிக்க நான்காவதாக ஒன்றும் வேண்டியிருக்கிறது. இவை வானத்தில் நன்றாகப் பரவியும் இருக்க வேண்டும். பள்ளத்தில் தலைக்கு மேலே தெரியும் கீற்று வானத்துக்குள் எல்லாம் நெருங்கிக் கிடந்தால் கணக்கு ஆட்டம் காணும்.

அதைவிடப் பெரிய தொல்லை பாறைச்சுவர். செயற்கைக்கோளின் அலை அதில் மோதித் திரும்பி வந்தால், சுற்றி வந்த அந்தக் கூடுதல் தூரத்தையும் கருவி நேர்த்தூரம் என்றே நம்பிவிடும். போதாக்குறைக்கு ஈர இலைகளும் அலையை உறிஞ்சும். இங்கேதான் புதிய செயற்கைக்கோள்கள் கூடுதலாக அனுப்பும் இரண்டாவது அலைவரிசை கைகொடுக்கிறது. தூரத்தை அளக்க அலையில் ஏற்றி அனுப்பப்படும் குறியீடு சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. பழைய எல்1 என்ற அலைவரிசையில் ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், புதிய எல்5 அலைவரிசையில் 30 மீட்டர்தான். 50 மீட்டர் சுற்றி வந்த எதிரொலி எல்1-இல் உண்மையான அலையோடு கலந்து குழப்பும், எல்5-இல் தனியாகப் பிரிந்து தெரிந்துவிடும்.

நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்தப்புலம் தரைக்குக் கிடையாக ஓடும் கோடு, தென்னிந்தியாவின் தெற்கு முனையை ஒட்டித்தான் போகிறது, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்கப்பட்டதற்கே அதுதான் காரணம். இந்தப் பகுதிக்கு மேலே, வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் அதிகம் கலங்கும், அதைக் கடந்து வரும் அலை தாமதப்படும். இரண்டு அலைவரிசைகளும் வெவ்வேறு அளவில் தாமதப்படுவதால், அந்த வித்தியாசத்தை வைத்தே கருவி பிழையைக் கழித்துவிடுகிறது. ஆகவே கார்மின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் போன்ற ஒற்றை அலைவரிசைக் கருவியைவிட, ஜிபிஎஸ்மேப் 65எஸ் போன்ற இரட்டை அலைவரிசைக் கருவிக்குத்தான் என் ஓட்டு, விலை கூடுதல் என்றாலும்.

உயரத்துக்குக் காற்றழுத்தமானி இருக்கிறதா என்று பாருங்கள். நமக்குக் கீழே இருக்கும் செயற்கைக்கோள்களைப் பூமியே மறைத்துவிடுவதால் ஜிபிஎஸ் சொல்லும் உயரம் எப்போதும் கொஞ்சம் நம்பிக்கைக் குறைவுதான். காற்றழுத்தம் கடல் மட்டத்தருகே 8 மீட்டர் ஏறினால் சுமார் 1 மில்லிபார் குறையும், அதனால் சின்ன ஏற்ற இறக்கம்கூடத் துல்லியமாகத் தெரியும். ஆனால் வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும் என்பதால், உயரம் தெரிந்த இடத்தில் அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும். மின்னணுத் திசைகாட்டியும் அவசியம். நின்றுகொண்டிருக்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது, நடந்தால்தான் தெரியும்.

மழையில் தொடுதிரை சொன்ன பேச்சு கேட்காது, பொத்தான் உள்ளதே மேல். பேட்டரி பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பென்சில் செல்லாக இருந்தால் நிம்மதி. ஜிபிஎஸ்மேப் 67ஐ போல செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை மட்டும் வெளிநாட்டிலிருந்து யாரிடமும் சொல்லி வாங்கிவிடாதீர்கள். அரசு அனுமதி இல்லாமல் அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

சரி, வாங்கியாயிற்று. நடக்கத் தொடங்கும் முன் திறந்த வெளியில் அதை இயக்கி ஒரு கால் மணி நேரம் விடுங்கள். ஒரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை விவரம் முழுதாக வந்துசேர அரை நிமிடம் ஆகும், எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் வர 12.5 நிமிடம் ஆகும். காட்டுக்குள் போன பிறகு அதைக் கேட்க உட்கார்ந்தால் பாதி வார்த்தை மரத்திலேயே நின்றுவிடும்.