தலை, கழுத்துப் புற்றுநோய்: சிகிச்சை முடிந்த பிறகு உடல் எடுத்துக்கொள்ளும் காலம்

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடித்துச் செல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, அடுத்த இரண்டு வாரங்கள் இதுவரை கடந்து வந்த வாரங்களைவிடக் கடினமாக இருக்கக்கூடும் என்பதுதான். இதைக் கேட்டதும் உடன் வந்திருக்கும் குடும்பத்தாரின் முகம் வாடிவிடும். கடைசி நாள் என்று எண்ணி எண்ணிக் காத்திருந்தவர்களிடம் இதைச் சொல்வது எனக்கும் எளிதல்ல. ஆனாலும் முன்கூட்டியே சொல்லாவிட்டால், வீட்டுக்குப் போன பிறகு வாய்ப்புண் கூடும்போதும் வலி ஏறும்போதும், நோய் திரும்பிவிட்டதோ, சிகிச்சையே வீணாகிவிட்டதோ என்று அவர்கள் கலங்கிப்போவதை விழுங்குதல் பயிற்சியாளராகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்குக் காரணம் உண்டு. பொதுவாக ஆறு, ஏழு வாரங்களில் 30 முதல் 35 அமர்வுகளாக, மொத்தம் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) வரையிலான கதிர்வீச்சு தரப்படுகிறது. வாய், தொண்டையின் உட்படலத்தில் மேலே உதிரும் செல்களுக்குப் பதிலாகக் கீழிருந்து புதிய செல்கள் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. கதிர்வீச்சு தாக்குவது அந்த உற்பத்தியைத்தான். ஆகவே இயந்திரம் நின்ற அன்றே பாதிப்பும் நின்றுவிடுவதில்லை. புண்ணும் வலியும் கடைசி அமர்வுக்குப் பிந்திய ஓரிரு வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகே இறங்கத் தொடங்குகின்றன. சிகிச்சைதான் முடிந்துவிட்டதே என்று வலி மருந்தைத் தாமாக நிறுத்திவிடுபவர்கள் இந்த நாட்களில்தான் சாப்பிட முடியாமல் எடை இழக்கிறார்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் வரை, சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பாக வலி மருந்தை எடுத்துக்கொள்வது பலருக்கு உதவுகிறது.

அதன் பிறகு எப்போது பழைய நிலைக்கு வருவேன் என்ற கேள்வி எழும். உடலின் ஒவ்வொரு திசுவும் தேறுவதற்குத் தனித்தனிக் காலம் பிடிக்கிறது என்பதால், இதற்கு ஒரே பதில் கிடையாது. கழுத்துத் தோல் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். வாய்ப்புண் ஆற ஒன்று முதல் இரண்டு மாதங்கள் ஆகலாம். கீமோதெரபியும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். சுவை சில மாதங்களில் மெல்லத் தலைகாட்டும் என்றாலும், முழுமையாகத் திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகக்கூடும். சிலருக்கு ஏதாவது ஒரு சுவை மட்டும் மங்கலாகவே நின்றுவிடும். உமிழ்நீர் எல்லாவற்றையும்விட மெதுவானது. காதுக்கு அருகிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் எவ்வளவு கதிர்வீச்சை வாங்கின என்பதைப் பொறுத்து, ஓராண்டு, ஈராண்டு வரைகூட முன்னேற்றம் தொடர்வதுண்டு. உலர்வு முழுதாக நீங்காதவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறைப்பதில்லை.

இந்த உலர்வு என்ன செய்யும் என்பது அனுபவிப்பவருக்கே தெரியும். நள்ளிரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நிலையில் விழிப்பது, இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் ஒரு மிடறு தண்ணீர் தேவைப்படுவது, காய்ந்த உணவு தொண்டையில் அப்படியே நின்றுவிடுவது என்று நாள் முழுவதும் அது கூடவே இருக்கும். படுக்கையருகே தண்ணீர் வைத்துக்கொள்வது, உறங்கும் அறையின் காற்றை ஈரமாக வைப்பது, குழம்போ சாறோ சேர்த்து உணவை நெகிழ்த்திக்கொள்வது, செயற்கை உமிழ்நீர் ஜெல்லைப் பயன்படுத்துவது ஆகியவை ஓரளவு துணைசெய்யும். உப்பும் சமையல் சோடாவும் சிறிதளவு கலந்த வெதுவெதுப்பான நீரால் அடிக்கடி வாய் கொப்பளித்தால், ஆரம்ப மாதங்களில் நூல் நூலாக இழுபடும் கெட்டி உமிழ்நீர் தளர்ந்து வெளியேறும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

என் வேலையின் மையமான விழுங்குதலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூக்கு வழியாகவோ வயிற்றில் நேரடியாகவோ வைத்த டியூப் மூலம் உணவு செல்லும்போது, வாய்க்கும் தொண்டைக்கும் ஓய்வு கொடுப்பதே நல்லது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். மாவுக்கட்டுப் போட்டுப் பல வாரம் அசைக்காமல் வைத்த கால் மெலிந்துவிடுவதுபோல, விழுங்காத தொண்டைத் தசைகளும் மெலிந்து, பிறகு இறுகியும் விடுகின்றன. ஆகையால் டியூப் இருந்தாலும், பாதுகாப்பானது என்று பரிசோதித்து உறுதிசெய்த அளவில் தினமும் வாயால் எதையாவது விழுங்க வேண்டும். நாக்கை அழுத்தி விழுங்குதல் போன்ற பயிற்சிகளைப் புண் ஆறாத நாட்களிலும் முடிந்தவரை விடக்கூடாது. டியூப் வைத்திருப்பது தோல்வியல்ல; அதை அவசரப்பட்டு எடுக்கச் சொல்லி எடை குறைந்து போவதுதான் தேறுதலைப் பின்னுக்கு இழுக்கும்.

என்னிடம் வந்த ஒருவர் முதல் நாள் ஒரு டீஸ்பூன் தண்ணீரை விழுங்கப் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. மோவாயை நெஞ்சை நோக்கிச் சற்றே தாழ்த்தி, மூச்சைப் பிடித்து, பலமாக விழுங்கி, உடனே ஒருமுறை இருமி, மீண்டும் வெறுமனே விழுங்கினார். ஒரு ஸ்பூனுக்கே நெற்றி வியர்த்துவிட்டது. அவருடைய மனைவி ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை மட்டும், ஒரு கோப்பைத் திரவம் உள்ளே போக எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை இருமினார் என்று குறித்துவந்தார். நாளுக்கு நாள் ஒப்பிட்டால் எந்த மாற்றமும் தெரியாத இடத்தில், மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டபோது மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அந்த முறையை எல்லாருக்கும் சொல்கிறேன். மோவாயைத் தாழ்த்துவது போன்ற உத்திகள் ஆளுக்கு ஆள் மாறுபவை. ஒருவருக்கு உதவியது இன்னொருவருக்குக் கேடாகவும் முடியலாம் என்பதால், பரிசோதித்துச் சொன்ன உத்தியை மட்டுமே பின்பற்ற வேண்டும்.

இருமல் வராததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. கதிர்வீச்சுக்குப் பிறகு தொண்டையின் உணர்ச்சி மழுங்கி, உணவோ நீரோ சத்தமில்லாமல் மூச்சுக்குழலுக்குள் இறங்குவதுண்டு. சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் கரகரத்தல், காரணம் தெரியாத காய்ச்சல், திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச்சளி ஆகியவை அதன் அடையாளங்கள். எக்ஸ்ரே வீடியோ மூலமோ, மூக்கு வழியே மெல்லிய கேமராவைச் செலுத்தியோ விழுங்குதலை நேரில் பார்த்தே இதை உறுதிசெய்ய முடியும்.

வாய் திறப்பையும் கவனிக்க வேண்டும். மேல், கீழ் முன்பற்களுக்கிடையே தம் மூன்று விரல்களை அடுக்காக வைக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இடைவெளி 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தாடை இறுக்கம் என்று கொள்கிறோம். இந்த இறுக்கம் மற்றவற்றைப்போலத் தானாகக் குறைவதில்லை. விட்டுவிட்டால் கூடிக்கொண்டே போகும். கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் தோள் பலவீனத்துக்கும், காலையில் எழும்போது தாடைக்கடியில் தெரியும் வீக்கத்துக்கும் பிசியோதெரபி உண்டு. கேட்டுப் பெற வேண்டும்.

சோர்வைப் பற்றிப் பலர் வெளியே சொல்லவே தயங்குகிறார்கள். சோம்பல் என்று வீட்டில் எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சம். மாதக்கணக்கில் நீடிக்கும் இந்தச் சோர்வு, உறங்கி எழுந்தாலும் தீராதது. பகல் முழுவதும் படுத்திருப்பதைவிடத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதே இதற்குக் கூடுதல் பலன் தருகிறது. அதே சமயம் ரத்தசோகை, போதாத உணவு, மனச்சோர்வு, தைராய்டு குறைவு ஆகியவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தைராய்டின் செயல்பாட்டைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். தைராய்டு குறைவு ஆண்டுகள் கழித்தும் வரும், மாத்திரையால் சரிசெய்யக்கூடியது.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். “இன்னும் ஒரு வாய்” என்று அன்போடு வற்புறுத்துவது, விழுங்குவதே உழைப்பாகிவிட்டவருக்குச் சாப்பாட்டு வேளையைத் தேர்வு நேரமாக்கிவிடுகிறது. எல்லாரும் முடித்து எழுந்த பிறகும் தான் மட்டும் பாதித் தட்டோடு உட்கார்ந்திருப்பதுதான் பலரை உறவினர் கூடும் இடங்களிலிருந்து விலகவைக்கிறது. அவர் முடிக்கும் வரை யாராவது ஒருவர் பேசிக்கொண்டு கூட உட்கார்ந்தாலே போதும்.

கதிர்வீச்சு முடித்தவர்களுக்கு, நோய் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனைப் பெரும்பாலும் 12 வாரம் கழித்தே எடுக்கிறார்கள். முன்னதாக எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் அழற்சியே நோய்போல ஒளிர்ந்து குழப்பும். அந்தக் காத்திருப்பில் உறக்கம் கெடுவது இயல்பே. பல வாரங்கள் நீடித்தால் மனநல ஆலோசனை கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால், கொஞ்சம் தேறிய பிறகு விழுங்குவது மறுபடி மோசமாவது, ஆறிய இடத்தில் புதுப்புண், கழுத்தில் புதிய கட்டி, ஒரு பக்கக் காதுவலி, ரத்தம் கசிதல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றுக்கு ஸ்கேன் தேதி வரை காத்திருக்கக் கூடாது. மெதுவாகத் தேறுவது வேறு, தேறியது பின்னோக்கிப் போவது வேறு.

பல் விஷயம் ஆயுள் முழுவதும் தொடரும். உமிழ்நீர் குறைந்த வாயில் பற்சொத்தை வேகமாகப் பரவுவதால், பல் மருத்துவர் பரிந்துரைக்கும் ஃபுளோரைடை நிறுத்தாமல் பயன்படுத்த வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பின் ரத்த ஓட்டம் நிரந்தரமாகக் குறைந்திருப்பதால், பல் பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து பத்தாண்டு கழித்தும் நீங்குவதில்லை. எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன்பே, எந்த ஆண்டில் எந்தப் பக்கம் எவ்வளவு கதிர்வீச்சு எடுத்தீர்கள் என்ற சிகிச்சைச் சுருக்கத்தைக் காட்டுங்கள். உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் பல்லைப் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள்.