ஏற்காடு ஏரி மீனுக்குள் இருக்கும் சருகு

"மழை விட்ட பிறகு ஏற்காடு ஏரித் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருக்கிறதே, சேறா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். அடியில் படிவது மண். நுண்ணிய களிமண் மிதந்து ஏமாற்றும் என்பதால், ஆய்வகத்தில் 0.45 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வடிதாளில் வடிப்பார்கள். வடித்தபின்னும் நிற்கும் பழுப்பில் பெரும்பங்கு, காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் சருகும் மேல்மண்ணும் ஊறி இறங்கிய கரிமப்பொருள்.

வெயில், பாசி, மிதவை உயிரி (தண்ணீரில் மிதக்கும் நுண்விலங்கு), மீன் என்று பள்ளியில் படித்த சங்கிலி தெரிந்ததுதான். சருகுச் சாறு மீனுக்கு வருவது வேறு வழியில். அதன் ஹியூமிக் மூலக்கூறுகள், அதாவது மக்கிய சருகிலிருந்து வரும் பழுப்புப் பொருள்கள், பெரியவை. பாக்டீரியாவின் செல்சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. அதனால் பாக்டீரியா தன் நொதிகளை வெளியே விட்டு, தண்ணீரிலேயே அவற்றை நறுக்குகிறது. புற ஊதாக் கதிரும் கைகொடுக்கிறது: பெரிய மூலக்கூறுகளை உடைத்து அசிட்டிக் அமிலம் போன்ற சிறு துண்டுகளாக்குகிறது. இந்த மலை உயரத்தில் அந்தக் கதிர் சேலத்தைவிடக் கூடுதல். வெயிலும் நுண்ணுயிரும் சேர்ந்து சருகைச் சமைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு அலுப்பதே இல்லை.

பாக்டீரியா பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. அதைக் கசையிழை (சாட்டை போன்ற இழை) கொண்ட ஒருசெல் உயிரிகள் தின்னும், அவற்றை மிதவை உயிரிகள் தின்னும். கைமாறும் ஒவ்வொரு முறையும் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு இருந்தால் லாபம். அது பாக்டீரியாவையே நேரடியாக வடித்துத் தின்று ஒரு படியை மிச்சப்படுத்தும்.

இது ஊகமல்ல. அமெரிக்காவின் மிச்சிகனில் சிறு ஏரிகளில் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் கலந்த பைகார்பனேட்டைக் கரைத்தார்கள். பாசியில் அந்த அடையாளம் ஏறியது, கரையிலிருந்து வந்த சருகில் ஏறவில்லை. அதனால் உயிரியின் உடலில் அடையாளம் எவ்வளவு என்று பார்த்தால், அதன் கார்பனில் சருகின் பங்கு தெரிந்துவிடும். 2004-இல் வெளியான கணக்குப்படி, மிதவை உயிரிகளின் கார்பனில் 22 முதல் 50 சதவீதம் நிலத்திலிருந்து வந்தது.

அதற்காகச் சருகு கூடக்கூட மீன் கொழுக்கும் என்று எண்ண வேண்டாம். பழுப்பு நீர் வெளிச்சத்தை விழுங்கிவிடும், ஆழத்தில் பாசி வளராது. மீனுக்குத் தேவையான நீள்சங்கிலி ஒமேகா-3 கொழுப்பு பாசியில்தான் உண்டு, சருகில் இல்லை.

ஏரிக்கரை அழகுபடுத்தலுக்குக் கிடைக்கும் பணத்தில் சிறு துளியாவது ஏரியின் பழுப்பையும் கரிமத்தையும் அளப்பதற்கு வர வேண்டும். பழுப்பை அளக்கக் கல்லூரி ஆய்வகத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரே (தண்ணீர் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று காட்டும் கருவி) போதும். வடித்த நீரை 440 நானோமீட்டர் அலைநீள ஒளியில் வைத்துப் படிக்கலாம். கரிமத்தையே அளப்பதானால் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, ஐஸில் வைத்து, அன்றே வடிக்க வேண்டும். வெயிலில் விட்டால் பாக்டீரியா தின்று அளவு குறையும். மட்டமான பிளாஸ்டிக் புட்டி தன் கரிமத்தையே கரைத்து அளவைக் கூட்டிக் காட்டும்.